நிழல் வாசனைத் தொகுப்பு: எது கருக்கும், எது வெளுக்கும்

மதுரைப் புறநகர் நர்சரி ஒன்றில் வெற்றிலைக் கொடி, ரம்பை (சோற்றுக்கு மணம் கூட்டும் பாண்டன் இலை), பச்சோலி (வாசனை எண்ணெய் எடுக்கும் செடி), கற்பூரவல்லி, கருந்துளசி ஆகிய ஐந்தையும் சேர்த்து 550 ரூபாய்க்குத் தருகிறார்கள். 'எல்லாம் கரும் இலை, வெயிலே வேண்டாம், வேப்பமரத்தடியில் வைக்கலாம்' என்பது கடைப் பேச்சு. பாதி சரி.

இலைக் கருப்பில் இரண்டு தினுசு உண்டு. கருந்துளசியின் கருஞ்சிவப்பு வெயிலால் வருவது. நேர் வெயில் பட்டால்தான் இலையில் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி நன்றாக ஊறும். மரத்தடியில் வைத்தால் புதுத் தளிர் பச்சையாக வரும், தண்டு நெட்டையாகும், வாசமும் மட்டுப்படும். வெற்றிலையும் ரம்பையும் இதற்கு நேர்மாறு. நிழலில்தான் பச்சையம் ஏறி இலை கருக்கும். அக்னி நட்சத்திர வெயில் பட்டால் மஞ்சளடித்து ஓரம் தீய்ந்துவிடும். துளசியை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். கற்பூரவல்லியோ வெளிர்பச்சை, கரும் இலைப் பட்டியலில் எப்படிப் புகுந்ததோ! அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு கிளை சும்மாவே கிடைக்கும்.

கொடுத்த காசுக்குத் தகுந்தது வெற்றிலைதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை விளையும் ஊர்ப்பக்கம் இது. கொடிக்காலில் அகத்தி நிழலில் ஏற்றுகிற கொடிக்கு வேப்பமரத்தடி புதிதல்ல. வாங்கும்போது இலையை விடக் கணுவைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே மூன்று கணுவாவது இருக்க வேண்டும், கணுவில் பற்றுவேர் அரும்பியிருந்தால் நல்லது. நடும்போது இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. கடையில் தள்ளிவிடும் தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பதானால் மூன்று முறை தண்ணீர் ஊற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். போர் தண்ணீர் உப்போடு அந்த உப்பும் சேர்ந்தால் இலை நுனி கருகும். கொடி ஏற இரும்புக் குழாய் உதவாது, அதில் பற்றுவேர் ஒட்டாது, சொரசொரப்பான மரக்கொம்பு வேண்டும். வாழைநாரால் தளர்வாகக் கட்டினால் போதும்.

வெற்றிலைக்கு எமன் தேங்கும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டின் அடி கறுத்துக் குழகுழவென்று ஆகி, இலை பச்சையாக இருக்கும்போதே கொடி தொங்கிவிடும். இது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் வரும் அழுகல். அந்தக் கட்டத்தில் காப்பாற்ற முடியாது. மழைக்கு முன்பே தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிட்டு, கொடிக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைத் தொழு உரத்தில் கலந்து போட்டுவிடுங்கள்.

குறை சொல்ல வேண்டியது ரம்பை, பச்சோலிப் பைகளைத்தான். உள்ளே இருப்பது கறுப்புக் களிமண் உருண்டை. காய்ந்தால் விரல் இறங்காது, செங்கல் மாதிரி. தினமும் ஊற்றும் தண்ணீர் உருண்டைக்கும் பைக்கும் நடுவில் வழிந்து போய்விடும், உள்வேர் காய்ந்தே கிடக்கும். 'தண்ணீர் விட்டும் வாடுது' என்று புலம்புவது இதனால்தான். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்றில் ஒரு பங்கு களியை மெதுவாகக் கரைத்துவிட்டு, மேலே சொன்ன கலவையில் நடுங்கள்.

பச்சோலியில் வேரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நூற்புழு தாக்கிய வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். பையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். பச்சை இலையைக் கசக்கினால் மெல்லிய வாசம்தான், நிழலில் உலர்த்திய பிறகுதான் கமகமக்கும். ரம்பையும் அப்படியே. செடியில் மணக்காது, வாடினாலோ சோற்றில் போட்டாலோ பாசுமதி மணம் வரும்.

தொகுப்பாக வாங்காமல் வெற்றிலை இரண்டு, ரம்பை ஒன்று, பச்சோலி ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள், தருகிறார்கள். சித்திரையில் போகாதீர்கள். ஆடிக்காற்று அடங்கி ஆவணி பிறந்ததும் நட்டால், அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.