கம்பி வலையா, காந்தச் சுருளா?

கொழும்பு வெள்ளவத்தையில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே அணுக்கரு இணைவைப் பற்றி வாதாடும் ஆர்வலர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு ஃபியூசர், மற்றதற்குப் பாலிவெல்; இரண்டுமே அயனிகளை மோதவிட்டு அணுக்கருக்களை இணைக்க முயலும் கருவிகள்.

ஃபியூசரின் மூலவர் தொலைக்காட்சி முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த். 1960களில் ராபர்ட் ஹிர்ஷ் அதை மேம்படுத்தினார். வெற்றிடக் கலத்தின் நடுவில் ஒரு கம்பி வலை. அதற்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அயனிகள் மையத்தை நோக்கிப் பாய்ந்து மோதுகின்றன. சில இணைந்து நியூட்ரான்களை வெளியிடுகின்றன. வெளிநாடுகளில் வீட்டுப் பட்டறைகளிலேயே இது நடந்திருக்கிறது. ஆனால் பல அயனிகள் வலையில் முட்டி ஆற்றலை இழப்பதால், வரவு எப்போதும் செலவுக்கு மிகக் கீழேதான்.

பாலிவெல் அந்த வலையையே தூக்கி எறிகிறது. ராபர்ட் புசார்டின் இந்த வடிவமைப்பில், கனசதுரத்தின் முகங்களில் ஆறு காந்தச் சுருள்கள். அவை எலக்ட்ரான்களைச் சிறைப்பிடிக்க, அந்த எதிர் மின்னூட்டம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. கருத்து அழகானது. காந்தப்புலத்தின் இடுக்குகள் வழியே எலக்ட்ரான்கள் கசிவதுதான் வில்லங்கம். அமெரிக்கக் கடற்படை பல ஆண்டுகள் பணம் கொடுத்தும் மின்நிலையம் எதுவும் வரவில்லை.

என் ஓட்டு ஃபியூசருக்கே. குளிரூட்டி பழுதுபார்ப்பவர்களின் வெற்றிடப் பம்பு கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைத்தால் ஊதா ஒளிர்வையாவது காணலாம் (நியூட்ரானுக்கு அது போதாது). மின்னழுத்தம் ஏறினால் எக்ஸ் கதிரும் வரும். ஆகவே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தை மின்மாற்றி வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.