லெக் பிரஸ்: பாதம் மேலேயா, கீழேயா?

ஈரோட்டில் நான் போகும் ஜிம்மில் பாதிப்பேர் லெக் பிரஸ் (உட்கார்ந்தபடி எடை ஏற்றிய பலகையைக் காலால் தள்ளும் கருவி) பலகையின் மேல்பக்கம் பாதத்தை வைத்துத்தான் தள்ளுகிறார்கள். எடை நிறைய ஏற்றலாம், பார்க்கவும் ஜோர்தான். ஆனால் அப்போது இடுப்புதான் அதிகம் மடங்கும். உழைப்பில் பெரும்பங்கு புட்டத்துக்கும் பின்தொடைக்கும் போய்விடும்.

பாதத்தைக் கீழே இறக்கினால் முழங்கால் ஆழமாக மடங்கும், முன்தொடை எரியும். தொடை பெருக்க என் ஓட்டு இதற்கே. எடையைக் குறைக்க வேண்டியிருக்கும், சரி, கௌரவம் பார்க்காதீர்கள். குதிகால் மட்டும் பலகையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் பாதத்தை நாலு விரற்கடை மேலே ஏற்றுங்கள். முழங்கால் ஏற்கெனவே வலிக்கிறவர்களுக்கு மேல்வைப்பே தேவலை.

"விரல் வெளியே திரும்பணுமுங்களா?" என்பார்கள். லேசாகத் திரும்பினால் போதுமுங்க. முழங்காலும் அதே திசையில் போகட்டும்.