வைரம் பாய்ந்த மரத்தில் தீக்கடைகோல் செட் விற்கிறார்கள், கவனம்

வில்லால் கடைந்து தீ மூட்டும் செட்டை ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்த செட்டில் எவ்வளவு கடைந்தாலும் தீ வராது. கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "உங்களுக்குக் கடையத் தெரியவில்லை, பழகுங்கள்."

எனக்குக் கடையத் தெரியும். காய்ந்த கிளையைச் சீவி நானே கோலும் பலகையும் செய்து தீ மூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தச் செட் என் தங்கை மகனுக்காக வாங்கியது. கத்தி பிடிக்கிற வயது அவனுக்கு இன்னும் வரவில்லை; கட்டைகள் தயாராகக் கையில் இருந்தால் கடைவதை மட்டும் பழகுவானே என்று நினைத்தேன்.

விளம்பரத்தில் இருந்தது 'மென்மரம், இயற்கையாக உலர்த்தியது'. பெட்டியைத் திறந்தால் கரும்பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கோலும் பலகையும், இரண்டும் நல்ல கனம். கூடவே ஓர் அட்டை: 'வைரம் பாய்ந்த மரம், ஆயுள் முழுக்க உழைக்கும்.' கட்டில் வாங்குகிறவருக்கு இது சந்தோஷமான செய்தி. தீக்கடைகோல் உழைக்கவே கூடாது, அது தேய வேண்டும்.

வில்லின் கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால், பலகையின் குழியில் நிற்கும் கோல் சுழலும். அப்போது கோலும் பலகையும் சேர்ந்து தேய்ந்து தூளாகின்றன. அந்தத் தூள் சூட்டில் கருகி, குழியின் ஓரத்தில் வெட்டியிருக்கும் பிளவுக்குள் குவிகிறது. அங்கே சூடு தங்கித் தங்கி ஒரு கட்டத்தில் தூளே கங்காகிவிடும். ஆக, தூள் விழாவிட்டால் ஒன்றுமே இல்லை. வைரம் பாய்ந்த மரம் தூளாகாது. ஒன்றையொன்று மெருகுதான் ஏற்றிக்கொள்ளும். எனக்கு நடந்ததும் அதேதான். கீச்கீச்சென்று சத்தம், மூக்குக்கு மட்டும் தெரிகிற கொஞ்சம் புகை, குழியின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு சிட்டிகை மணல் போட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கரகரத்தது, மறுபடி அதே கீச்.

இன்னொரு கூத்து, கோலின் தலையை அழுத்திப் பிடிக்கும் கைக்கட்டை. அதுதான் கெட்டியாக இருக்க வேண்டியது. கல், எலும்பு, சிப்பி என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம், கொஞ்சம் எண்ணெயும் தடவலாம். இவர்கள் அதை மட்டும் மெத்தென்ற மரத்தில் செய்திருந்தார்கள். விளைவு, எரிய வேண்டிய அடிப்பக்கம் சும்மா இருக்க, உள்ளங்கைக்குக் கீழே புகைந்தது.

குறை என் கையிலா மரத்திலா என்று பார்க்க, அவர்கள் கொடுத்த அதே வில், அதே கயிறு, கோலும் பலகையும் மட்டும் என்னுடைய காய்ந்த இலவ மரத்தில். பிளவில் கரும்பழுப்புத் தூள் குவிந்தது, வில்லை நிறுத்திய பிறகும் தூளிலிருந்து புகை நூலாக எழுந்தது. கங்கு பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை வீடியோ எடுத்தே அனுப்பினேன்.

பதிலுக்கு 'மாற்றுச் செட்' வந்தது. அதே கரும்பழுப்புச் சாயம். பலகையின் விளிம்பைக் கத்தியால் சீவினால் உள்ளே அடுக்கடுக்காக வரிகள். பிளைவுட்! பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் பசை பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் கலந்தது. சூடேறினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். குனிந்து, புகைக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு, அதுவும் ஒரு சின்னப் பையனுக்கு, இதை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு முதல் செட்டைவிட இதில்தான் கோபம் வந்தது.

அப்புறம்தான் அவர்களுடைய விளம்பர வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கடையும் காட்சியில் பலகையில் இரண்டு குழி. கங்கை எடுத்துக் காட்டும் காட்சியில் மூன்று குழி, நிறமும் வெளிறல். தீ பிடித்த பலகை வேறு, விற்கிற பலகை வேறு.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், சாயமோ வார்னிஷோ பூசாத கட்டையை மட்டும் வாங்குங்கள். பூச்சு என்பது உள்ளே இருக்கும் மரத்தை மறைக்கத்தான். கைக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள்: தடம் விழ வேண்டும், ஆனால் மரம் உதிரக் கூடாது. தடமே விழாவிட்டால் கெட்டி. பொலபொலவென்று உதிர்ந்தால் உளுத்தது, அது அழுத்தம் தாங்காது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? ஈரம் இன்னும் போகவில்லை, நீங்கள் கடைகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பிசின் ஒட்டுகிற துண்டும் வேண்டாம், குழி வழுக்கிக்கொண்டே இருக்கும்.

மரத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். வில்லோ, பாப்ளர், சீடார் எல்லாம் பேர் பெற்றவைதான், ஆனால் நேற்று வெட்டிய வில்லோவில் ஒன்றும் நடக்காது. மரத்திலேயே நின்று காய்ந்த கிளைதான் நல்லது. தரையில் கிடந்தது மண்ணின் ஈரத்தை இழுத்திருக்கும். கோலும் பலகையும் ஒரே கிளையில் எடுத்தால் பொருத்தம் பார்க்கிற தலைவலியே இல்லை. அரளியைத் தொடாதீர்கள், அதன் புகையே விஷம். கட்டட வேலையில் மிஞ்சிய, லேசாகப் பச்சை ஓடிய துண்டுகளும் வேண்டாம். கரையான் அரிக்காமல் இருக்கத் தாமிரம் சேர்த்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். பழையதென்றால் ஆர்சனிக் என்ற நஞ்சும் இருக்கலாம்.

பணம்? பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். பயன்படுத்தாமல் தீ வருமா வராதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என் விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருவதாகக் கடைசியாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை. பிளைவுட் விளிம்பின் படத்தையும் அதில் சேர்த்துவிட்டேன்.