ஃபால்அவுட் 4: பெர்க் அட்டவணைக்கு வெளியே ஓர் எட்டாவது நிரல்

பெதஸ்டா 2015 நவம்பரில் வெளியிட்ட, அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் வீடியோ ஆட்டமான ஃபால்அவுட் 4-ஐப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் கதையையும் குடியிருப்பு கட்டுவதையும் பேசின. இங்கே பார்க்கப்போவது அதன் பாத்திர நிர்வாகத்தை மட்டும்: ஸ்பெஷல் புள்ளிகள் (ஸ்ட்ரென்த், பெர்செப்ஷன், என்டூரன்ஸ், கரிஸ்மா, இன்டெலிஜென்ஸ், அஜிலிட்டி, லக் என்ற ஏழு அடிப்படைத் தன்மைகளின் எண்கள்), பெர்க்குகள் (நிரந்தரச் சிறப்புத் திறன்கள்), கூட வரும் துணையாட்கள். ஃபால்அவுட் 3 போன்ற முந்தைய ஆட்டங்களில் இருந்த 100 வரை ஏறும் திறன் எண்களை இதில் முழுவதுமாக எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்பெஷல் எண் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக ஏழு நிரல், ஒவ்வொன்றிலும் பத்து என்று 70 பெர்க்குகள். ஓர் எண் எவ்வளவோ, அந்த நிரலில் அத்தனையாவது பெர்க் வரை திறக்கும். லெவல் ஏறினால் ஒரு புள்ளி கிடைக்கும். அதை ஒரு பெர்க்கிலும் போடலாம், ஒரு ஸ்பெஷல் எண்ணை உயர்த்தவும் போடலாம். லெவலுக்கு உச்சவரம்பு கிடையாது.

இந்த ஒற்றைப் புள்ளி முறை மிக நல்ல வடிவமைப்பு. 'பூட்டு திறப்பதில் 3 கூட்டு, பேச்சில் 4 கூட்டு' என்று சில்லறையாகச் சிதறவிடாமல், ஒவ்வொரு லெவலிலும் ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ளிப்போட வைக்கிறது. குறை, உயர்படிகளுக்கு லெவல் பூட்டு போட்டிருப்பது. துப்பாக்கிகளை மாற்றியமைக்க உதவும் கன் நட் பெர்க்கின் இரண்டாம் படி 13-ல், மூன்றாவது 25-ல், நான்காவது 39-ல்தான் திறக்கும். துப்பாக்கி மாற்றங்களையே நம்பி ஆடுபவர் இடையில் வேண்டாத பெர்க்குகளில் புள்ளியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

தொடக்கப் பங்கீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏழும் தலா 1-ல் தொடங்கும். கையில் 21 புள்ளி. ஆக மொத்தம் 28. இங்கே முதலில் கேட்க வேண்டியது, எந்த எண்ணைத் தாமதமாக ஏற்றினால் நட்டமில்லை என்பது. என்டூரன்ஸ் அப்படிப்பட்டது. உடல்நலம் 80-உடன் என்டூரன்ஸின் ஐந்து மடங்கு சேர்ந்து தொடங்குகிறது. பிறகு லெவலுக்கு 2.5-உம் என்டூரன்ஸில் பாதியும் கூடும். இது முன்தேதியிட்டே கணக்காகிறது. லெவல் 20-ல் ஒரு என்டூரன்ஸ் புள்ளி போட்டால், முதலிலிருந்தே அது இருந்ததுபோல 14.5 கூடிவிடும். இன்டெலிஜென்ஸ் நேர் எதிர். ஒவ்வொரு புள்ளியும் இனி வரும் அனுபவப் புள்ளிகளில் 3 விழுக்காடு கூட்டும், போனது போனதுதான். அதனால் முன்னதை 1-ல் விட்டுவிட்டுப் பின்னதை முதலிலேயே உயர்த்துவது சரி. இன்டெலிஜென்ஸை அடியோடு விட்டுவிட்டு லக் 5-ல் உள்ள இடியட் சவான்ட்டை நம்புவது இன்னொரு வழி. இன்டெலிஜென்ஸ் குறையக் குறைய மூன்று மடங்கு அனுபவம் விழும் வாய்ப்பு அதில் கூடும். இரண்டையும் நடுத்தரமாக வைத்தால் இரண்டிலும் முழுப் பலன் இருக்காது.

ரைஃபிளும் பதுங்கலும் விரும்புபவருக்கு ஒரு பங்கீடு: ஸ்ட்ரென்த் 3, பெர்செப்ஷன் 3, என்டூரன்ஸ் 1, கரிஸ்மா 3, இன்டெலிஜென்ஸ் 6, அஜிலிட்டி 7, லக் 5. ஸ்ட்ரென்த் 3 கவசங்களை மேம்படுத்தும் ஆர்மரருக்கு, இன்டெலிஜென்ஸ் 6 உயர்தொழில்நுட்ப மாற்றங்களுக்கான சயின்ஸுக்கு, அஜிலிட்டி 7 பதுங்கித் தாக்கும் சேதத்தைக் கூட்டும் நிஞ்சாவுக்கு. பெர்செப்ஷனை 3-ல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு: கான்கார்டில் உள்ள மியூசியம் ஆஃப் ஃப்ரீடமில், துணையாட்களில் ஒருவரான பிரெஸ்டன் நிற்கும் அறையிலேயே பெர்செப்ஷனை ஒன்று கூட்டும் பொம்மை இருக்கிறது. எடுத்ததும் 4 ஆகும், பூட்டுகளுக்கான லாக்ஸ்மித் பெர்க் திறக்கும். சாங்சுவரியில் உள்ள உங்கள் பாத்திரத்தின் வீட்டில், குழந்தை ஷானின் அறையில் கிடக்கும் 'யூ ஆர் ஸ்பெஷல்' புத்தகம் தரும் ஒரு புள்ளியை லக்கில் போட்டால் 6. கிரிட்டிகல் அடிகளின் சேதத்தைக் கூட்டும் பெட்டர் கிரிட்டிகல்ஸ் கைக்கு வரும். எண்ணை 10-க்கு ஏற்றிய பிறகே பொம்மையை எடுத்தால் 11 ஆகும் என்பது உண்மை. ஆனால் அதற்காகப் பல லெவல் காத்திருப்பது பயனில்லாத சேமிப்பு.

கவனிக்க: உடை, மது, மருந்து தரும் தற்காலிக ஏற்றம் பெர்க் தகுதிக்குக் கணக்கில் வராது. பேச்சுச் சோதனைக்கு உதவும். கரிஸ்மாவை 3-ல் வைத்துக்கொண்டு, இணங்க வைப்பது கடினம் என்று காட்டும் சிவப்பு நிற வசனம் வரும் இடத்தில் கிரேப் மென்டாட்ஸ் மாத்திரை போட்டால் 5 கூடும். குடியிருப்புகளுக்கிடையே சரக்குப் பாதை வேண்டுமென்றால் மட்டும் லோக்கல் லீடருக்காகக் கரிஸ்மாவை 6 ஆக்குங்கள். வேறு காரணம் தேவையில்லை.

இனி அட்டவணையில் தெரியாத பகுதி. ஒவ்வொரு மனிதத் துணையாளுக்கும், ரோபோவான கோட்ஸ்வொர்த், சூப்பர் மியூட்டன்ட் என்ற உருமாறிய இனத்தைச் சேர்ந்த ஸ்ட்ராங் போன்றவர்களுக்கும் ஒரு நெருக்க எண் ஓடுகிறது. அது 1000-ஐத் தொட்டால் நிரந்தர பெர்க் ஒன்று கிடைக்கும்; ஆளை அனுப்பிவிட்டாலும் பெர்க் போகாது. இவற்றுக்கு லெவல் புள்ளி ஒன்றுகூடச் செலவில்லை. ஆகவே துணையாட்களை எட்டாவது நிரலாகக் கருதித் திட்டமிட வேண்டும். ஆட்டமோ இந்த எண்ணை எங்கும் காட்டுவதில்லை. 'பைப்பருக்குப் பிடித்தது' என்பதுபோலத் துணையாளின் பெயரோடு மூலையில் ஒரு வரி வந்து மறைவதோடு சரி. இவ்வளவு நல்ல அமைப்பை இப்படி மறைத்து வைத்தது இந்த ஆட்டத்தின் பெரிய குறை.

சாதாரணப் பிடித்தம் 15 கூட்டும், பெரும் பிடித்தம் 35. பிடிக்காததும் வெறுப்பதும் அதே அளவு குறைக்கும். ஒரே செயலை அடுத்தடுத்துச் செய்தால் எண்ணாது, இடைவெளி வேண்டும். கூடவே நடந்தாலே மெதுவாக ஏறும். யாருடன் எதைச் செய்வது என்பதுதான் சூட்சுமம். கோட்ஸ்வொர்த் கூட இருக்கும்போது ஆயுதங்களையும் கவசங்களையும் மாற்றியமையுங்கள். நிக் வாலன்டைன் இருக்கும்போது கணினிகளை ஹேக் செய்யுங்கள். டான்ஸுக்கு, நீங்கள் பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசத்துக்குள் ஏறினாலே போதும். பைப்பர் பூட்டு திறப்பதை ரசிப்பார், திருட்டை ரசிக்கமாட்டார். கெய்ட்டிடம் ஒரு திருப்பம் இருக்கிறது: அவருடைய சொந்தப் பணி முடியும்வரை போதை மருந்து பிடிக்கும், முடிந்தபின் அதே செயல் நெருக்கத்தைக் குறைக்கும்.

எந்த பெர்க் முதலில்? வாட்ஸ் என்ற குறிவைக்கும் முறையில் சுடுபவருக்கு மெக்ரெடியின் கில்ஷாட்: தலையைக் குறிவைக்கும்போது துல்லியம் 20 விழுக்காடு கூடும். அவரைக் குட்நெய்பர் ஊரின் தேர்ட் ரெயில் மதுக்கூடத்தில் 250 கேப்ஸுக்கு (ஆட்டத்தின் நாணயம்) அமர்த்தலாம், பேரம் பேசி 200-க்கும் முடிக்கலாம். பதுங்கி அடிப்பவருக்கு டீக்கனின் கிளோக் அண்ட் டாகர்: பதுங்கல் தாக்குதலில் 20 விழுக்காடு கூடுதல் சேதம். பைப்பரின் கிஃப்ட் ஆஃப் காப் புதிய இடம் காண்பதற்கும் பேசி இணங்க வைப்பதற்கும் இரட்டிப்பு அனுபவம் தருவதால், அதை ஆட்டத்தின் முன்பகுதியிலேயே வாங்கிவிட வேண்டும். வரைபடம் நிரம்பிய பிறகு அதில் பாதிப் பயன் போய்விடும். மூன்றோ அதற்கு மேலோ எதிரிகள் வந்தால் வேலை செய்யும் பிரெஸ்டனின் யுனைடெட் வி ஸ்டாண்ட் எல்லோருக்கும் பொருந்தும். கோட்ஸ்வொர்த் தருவது ரோபோக்களின் ஆற்றல் ஆயுதங்களுக்கு எதிராக 10 தடுப்பு மட்டும். அவசரமில்லை.

கரிஸ்மா 3-ல் உள்ள லோன் வாண்டரர் இங்கே குறுக்கே வரும். தனியாகப் போனால் முதல் படியிலேயே வாங்கும் சேதம் 15 விழுக்காடு குறையும், சுமைத் திறன் 50 கூடும். துணையாள் இருந்தால் அணைந்துவிடும். டாக்மீட் என்ற நாய் மட்டும் விதிவிலக்கு. வேண்டிய மூன்று நான்கு துணை பெர்க்குகளைப் பெற்றபின் இதை எடுத்து நாயோடு சுற்றுவது வலுவான வரிசை. முதலிலேயே எடுத்தால் புள்ளி சும்மா கிடக்கும்.

ஆயுதம் கொடுப்பதிலும் விவரம் தேவை. துணையாளின் சொந்தத் துப்பாக்கிக்குக் குண்டு தீராது. நீங்கள் கொடுப்பதற்குக் குண்டும் கொடுக்க வேண்டும், தீர்ந்தால் பழையதற்கே திரும்பிவிடுவார். கொடுத்தபின் பரிமாற்றத் திரையிலேயே அதை அணியச் செய்யும் பொத்தானை அழுத்துங்கள், இல்லாவிட்டால் பையில் கிடக்கும். கையெறிகுண்டோ ஏவுகணையோ கொடுக்காதீர்கள்: குறுகிய அறையில் அவர் எறிவது உங்கள் காலடியில் வெடிக்கும். பவர் ஆர்மர் போட்டுவிட்டால் அதை இயக்கும் ஃப்யூஷன் கோர் மின்கலம் தேயாது, ஆனால் கவசத் துண்டுகள் உடையும். அரிய பொருள்களை அவரிடம் பத்திரப்படுத்துவது தவறு. நெருக்கம் -1000-க்குப் போனால் நிரந்தரமாகப் பிரிந்துவிடுவார்.

பிரிவுக்கு இன்னொரு காரணம் கதையில் மோதும் தரப்புகள். இன்ஸ்டிட்யூட்டை அழித்தால் எக்ஸ்6-88 கிடைக்கமாட்டார். ரெயில்ரோடை அழித்தால் டீக்கன் போய்விடுவார். பிரதர்ஹுட்டைப் பகைத்தால் டான்ஸையும் இழக்க நேரும். மூவரின் பெர்க்கும் வேண்டுமானால், எந்தத் தரப்பையும் பகைக்கும் பணிகளுக்கு முன்பே நெருக்கத்தை 1000-க்குக் கொண்டுவந்து, கடைசி உரையாடலையும் முடித்துவிட வேண்டும். எண் நிரம்பினாலும் அந்த உரையாடல் நடக்காமல் பெர்க் வராது.

போட்ட புள்ளிகளைத் திரும்பப் பெற ஆட்டத்துக்குள் வழியில்லை. லெவல் ஏற ஏறப் புள்ளி வந்துகொண்டே இருப்பதால் தவறுகளைப் பிறகு ஈடுகட்டலாம், ஆனால் அடுத்த லெவலுக்கான அனுபவத் தேவை ஒவ்வொரு முறையும் 75 கூடிக்கொண்டே போகும். 2016-ல் மாற்றியமைக்கப்பட்டு வந்த சர்வைவல் என்ற கடின முறையில் இந்த நிர்வாகம் இன்னும் கறாராகிறது: விழுந்த துணையாள் சண்டை முடிந்ததும் தானாக எழமாட்டார். ஸ்டிம்பேக் மருந்து போட வேண்டும். ரோபோ என்றால் ரிப்பேர் கிட். விட்டுவிட்டு நகர்ந்தால் அவர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிடுவார், விரைவுப் பயணமும் கிடையாது, நடந்துதான் போய் அழைத்துவர வேண்டும். கோட்ஸ்வொர்த்தோடு கிளம்பும்போது பையில் இரண்டு கிட்டாவது இருக்கட்டும்.