7.3 பவர் ஸ்ட்ரோக்குக்கு 6637 ஃபில்டர்: பொருத்துவதில்தான் எல்லாம்

1999 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பில் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டர்போ டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நடுவே 6637 என்ற ஏர் ஃபில்டர் எண் மனப்பாடம். நாப்பா பிராண்டு அட்டைப்பெட்டியில் 6637, விக்ஸ் பிராண்டு அட்டைப்பெட்டியில் 46637, ஃபில்டர் ஒன்றுதான். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு இந்த உருளை ஃபில்டரை டர்போ குழாயின் வாயில் நேராக மாட்டிக்கொள்வது அமெரிக்காவில் பல வருடப் பழக்கம். ரெடிமேட் கிட் விலையில் சிறு பங்குதான் செலவு. ஒழுங்காகப் பொருத்தினால் அருமையான வேலை. அரைகுறையாக மாட்டினால் பழைய பெட்டியே தேவலை.

பழைய பெட்டியின் குறை மூடியில் இருக்கிறது. வருடங்கள் ஆக ஆக பிளாஸ்டிக் வளைந்து, ஃபில்டரின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தாது. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் எப்போதும் உறிஞ்சும் விசைதான். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வடிகட்டாத காற்று உள்ளே போகும். டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறையும், கரும்புகை வரும், உடனே தெரிந்துவிடும். முன்னால் கசிந்தால் ஒன்றுமே தெரியாது. கம்ப்ரஸர் சக்கரத்தின் இறக்கை முனை தேய்ந்து, பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் டெஸ்டில் தூசியின் அடையாளமான சிலிக்கான் ஏறிய பிறகுதான் தெரியும். அதற்குள் எஞ்சினுக்குச் சேதம் ஆகியிருக்கும்.

குதிரைத்திறன் கூடும் என்று நினைத்து இதை வாங்க வேண்டாம். ட்யூனிங் மாற்றாத வண்டியில், சுத்தமான பழைய ஃபில்டருக்கும் இதற்கும் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. டர்போ விசில் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

ஃபில்டர் தரத்தில் குறை சொல்ல முடியாது. மடிப்பு மடிப்பாகக் காகிதம், மேலே துளையிட்ட உலோகச் சட்டம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைவிட நுண்தூசியைப் பிடிக்க இதைத்தான் நம்பலாம். பருத்தியில் எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சார் கெடும் என்ற பேச்சு இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது, 7.3-ல் அந்தச் சென்சாரே இல்லை. ஆனால் எண்ணெய் காய்ந்த இடத்தில் தூசி ஊடுருவும் என்பது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்.

இனி பொருத்தும் வேலை. ஃபில்டரையும் குழாயையும் இணைக்கும் கப்ளிங்கை வாங்கும் முன் ஃபில்டர் கழுத்தையும் குழாயின் வெளி விட்டத்தையும் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 4 அங்குல ரப்பர் கப்ளிங்கைத்தான் பலரும் போடுகிறார்கள். மலிவு, ஆனால் எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு இளகிவிடும். இந்த எஞ்சினில் கிராங்க்கேஸ் (எஞ்சின் அடிப்பெட்டி) ஆவி, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கே திரும்பி வருவதால் குழாயின் உட்புறம் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இரண்டு முனையையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும். பிசுக்கோடு மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் நழுவி வெளியே வரும். கிளாம்பை 5/16 அங்குல நட் டிரைவரால் கப்ளிங் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் குழாய் நெளியும், அதுவே கசிவுக்கு வழி.

பழைய பெட்டியில் இருந்த காற்று வெப்பநிலை சென்சாரைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். இணைப்பைப் பிடுங்கினால் பி0113 என்ற பிழைக் கோடு வரும். குழாயில் துளை போட்டு கிராமெட் என்ற ரப்பர் வளையம் வழியாகச் செருகுவதே சரி. துளையை, குழாயை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான் போட வேண்டும். போட்ட பிறகு பிசிறை வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். ஒரு பிளாஸ்டிக் துணுக்கு போதும், அதிவேகத்தில் சுழலும் கம்ப்ரஸர் இறக்கையைக் கெடுக்க. குழாய் கழன்றிருக்கும் நேரம் முழுக்க டர்போ வாயைச் சுத்தமான துணியால் மூடி, சாவியை வண்டியில் விடாமல் எடுத்து வையுங்கள்.

அதிகம் பேர் விட்டுவிடுவது தாங்கியை. உலோகச் சட்டம் உள்ள ஃபில்டர் கனமானது. கழுத்தை மட்டும் நம்பித் தொங்கினால் டீசல் அதிர்வில் கப்ளிங் மெல்ல மெல்லச் சாயும். அடியில் ஒரு தகட்டுத் தாங்கியும் நடுவில் ஒரு பட்டையும் கொடுத்து, உராயும் இடத்தில் ரப்பர் வைக்க வேண்டும். பானெட்டை மூடும் முன் ஃபில்டர் தலையில் ஒரு உருண்டை களிமண் வைத்து மூடிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம் ஒரு விரலுக்கும் குறைவாக இருந்தால் இடம் போதாது, ஃபில்டரை இறக்குங்கள்.

இதன் உண்மையான பலவீனம் திறந்து கிடப்பதுதான். பானெட்டுக்குள் சூடான காற்றை இழுக்கிறது. நெடுஞ்சாலையில் பரவாயில்லை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அதிக வேலை, எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறும். ஃபில்டருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு அலுமினியத் தடுப்பு போட்டால் ஓரளவு குறையும். வெள்ளத்தில் இறங்கும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். நனைந்த காகிதம் காற்றை விடாது, கிழியவும் கிழியும்.

மண் ரோடு, பண்ணை, பனி என்று ஓடுபவர்கள் ஃபோர்டே விற்ற ஏ.ஐ.எஸ். என்ற ஏர் இன்டேக் பெட்டியை வாங்குவது நல்லது. பெரிய ஃபில்டர், மூடிய பெட்டி, வெளிக்காற்று. விலை அதிகம்தான், ஆனால் வெட்டு வேலை குறைவு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998 மாடலும் அதற்குப் பிறகு வந்தவையுமான, 14,000 பவுண்டுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளுக்கு 2010 முதல் அங்கே ஸ்மாக் (புகை) சோதனை இருக்கிறது. மாநில அனுமதி எண் இல்லாத வீட்டுத் தயாரிப்பு இன்டேக் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே நிற்காது.

மாட்டி 500 மைல் ஓடிய பிறகு கப்ளிங்கைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். வெறும் எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் நல்லது. விரலில் நறநறவென்று மணல் தட்டினால் எங்கோ கசிவு. கிராமெட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள். அழுக்கான ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். குழாயில் ஒரு அடைப்புக் காட்டி பொருத்திக்கொண்டு, முள் 25 அங்குல நீரழுத்தத்தைத் தொடும்போது புதியது மாற்றுங்கள்.