‘கன்ஃபார்ம் நம்பர்’ தருகிறோம் என்பவர்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

கேரள லாட்டரியில் அன்றைக்கு விழப்போகும் எண்ணை முன்கூட்டியே சொல்வதாக அழைக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா 38,000 ரூபாயை இழந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் குழுவினர் அவருக்குக் காட்டிய வெற்றிகள் பெரும்பாலும் உண்மையாகவே நடந்தவை என்பதால், அந்தச் சூழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் கேரள அரசு பிற்பகல் 3 மணிக்கு நடத்தும் குலுக்கலில் முதல் பரிசு பெறும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுச் சூதாட்டம் மறைவாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மூன்று இலக்கங்களை ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்பார்கள். கேரள அரசுக்கும் இந்தச் சீட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது; எண்ணை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு முதலில் தனிச் செய்தியாக வந்தது இலவசக் கணிப்பு. “இன்று சி போர்டு 4” என்று காலையில் செய்தி வந்தது. மாலையில் பார்த்தால் கடைசி இலக்கம் 4. மறுநாளும் சொன்ன எண்ணே வந்தது. மூன்றாம் நாள், மூன்று எண்களையும் சேர்த்துத் தருவதற்கு 5,000 ரூபாய் கட்டணம் கேட்டார்கள். இரண்டு நாள் கண்ணால் பார்த்தவர் எப்படிச் சந்தேகப்படுவார்? பணத்தை அனுப்பினார். எண் பொய்த்தது. “போர்டு கடைசி நேரத்தில் மாறிவிட்டது, அடுத்தது வி.ஐ.பி. நம்பர்” என்று மேலும் கேட்டார்கள். கட்டணமும் அந்த எண்களுக்கு வாங்கிய சீட்டுகளுமாகச் சேர்ந்ததே மேற்சொன்ன தொகை.

உண்மை வெளிப்பட்டது கடை மேசையில்தான். தக்காளி மண்டியில் சுமை தூக்கும் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே தமக்கும் இப்படி ஒரு கணிப்பு வந்ததாகச் சொல்ல, இருவரும் கைப்பேசிகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அனுப்பியவர் எண் ஒன்று, நேரம் காலை 9.10, மேலே இருந்த முருகன் படமும் ஒன்று. சித்தப்பாவுக்கு வந்த இலக்கம் மட்டும் 4, அவருக்கு வந்தது 7. “எனக்கு அன்னைக்கே பொய்யாப் போச்சுண்ணா, நான் விட்டுட்டேன்” என்றாராம் அவர்.

கணக்கு இவ்வளவுதான். ஆயிரம் பேரைப் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் 0 முதல் 9 வரை ஓர் இலக்கத்தை அனுப்பினால், எந்த எண் விழுந்தாலும் நூறு பேருக்குக் கணிப்பு பலித்திருக்கும். அந்த நூறு பேரை மறுநாள் மறுபடியும் பத்தாகப் பிரித்தால், இரண்டு நாளும் பலித்ததைக் கண்ட பத்துப் பேர் கிடைப்பார்கள். கட்டணம் கேட்பது அந்தப் பத்துப் பேரிடம் மட்டுமே. பொய்த்துப்போன 990 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இந்தப் பத்துப் பேருக்குத் தெரியாது. குழுவில் பகிரப்படும் “நன்றி அண்ணா, அடித்துவிட்டது” என்ற படங்களும் இவ்வழியில் கிடைப்பவையாகவே இருக்கலாம்.

திருவனந்தபுரத்தில் உள்ளே ஆள் வைத்திருப்பதாகவும் அந்தக் குழுவினர் சொன்னார்கள். அங்கே குலுக்கல் பொதுவில், நடுவர்கள் முன்னிலையில், இயந்திரத்தைச் சுழற்றி நடத்தப்படுகிறது. காலையிலேயே கசிவதற்கு அப்போது எண் என்று ஒன்று இருப்பதே இல்லை. பழைய முடிவுகளைச் சார்ட் போட்டு, நெடுநாளாக வராத எண் இனி வந்தே தீரும் என்பதும் அப்படித்தான். நேற்று என்ன விழுந்தது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ராசி எண், கனவில் கண்ட எண் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ராசியான கடை என்று பெயரெடுத்த கடையில் பரிசு அதிகம் விழுவது அங்கே சீட்டு அதிகம் விற்பதால்தான். உங்கள் கையிலுள்ள ஒரு சீட்டுக்கு அதனால் கூடுதல் பலம் ஏதுமில்லை.

அதிகச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு கூடும் என்பது மட்டும் மெய், ஆனால் கூடுவது நட்டமும்தான். சித்தப்பா வாங்கியது 60 ரூபாய்ச் சீட்டு. மூன்று எண்ணும் பொருந்தினால் 25,000 ரூபாய் என்று சொல்லியிருந்தார்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் சீட்டுகளையும் ஒருவரே வாங்கினால் பரிசு உறுதி, செலவு 60,000 ரூபாய்! கேரள அரசுச் சீட்டிலோ ஒரு குலுக்கலுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட எண்கள் உண்டு.

இன்னொரு வலையையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரியையும் ஜி.எஸ்.டி.யையும் முதலில் கட்டினால் தொகை வரும் என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். வருமான வரியைப் பரிசுத் தொகையிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், ஜி.எஸ்.டி. சீட்டின் விலையோடு சேர்ந்தது, பரிசுக்கு உரியதன்று. கேரள அரசு காகிதச் சீட்டை மட்டுமே விற்கிறது என்பதால், இணையத்தில் கேரள லாட்டரி விற்பதாகச் சொல்லும் தளம் எதுவானாலும் போலியே.

சீட்டு வாங்கியதே தவறாயிற்றே, காவல் துறையிடம் எப்படிப் போவது என்று சித்தப்பா பல நாள் வாய் திறக்கவில்லை. இந்தக் கூட்டத்தினர் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான். பணம் அனுப்பியவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவில் அழைக்கிறார்களோ, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்குவதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு. அழைப்பதற்கு முன் குழுவிலிருந்து வெளியேறவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம்; உரையாடலைப் படமெடுத்து, யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா கோபத்தில் பாதிச் செய்திகளை அழித்துவிட்டதால், வங்கிக் கணக்கு அறிக்கையை வைத்தே அவருடைய புகாரை எழுத வேண்டியிருந்தது.