பழங்காசு கழுவ: புளியா, எண்ணெயா, வெறும் தண்ணீரா?

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் ஒரு பழைய செப்புக்காசு வந்து சேர்ந்தால், கை முதலில் புளி டப்பாவுக்குத்தான் போகும். போக வேண்டாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பச்சைக் களிம்பைக் கரைப்பதோடு நிற்காது, அதன் அடியில் இருக்கும் பழுப்புப் படலத்தையும் தின்னும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த காசில் எழுத்தின் நுணுக்கம் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். ராஜராஜன் காசில் அமர்ந்த உருவத்தின் அருகே இருக்கும் நாகரி எழுத்து அப்படிப் போய்விட்டால் திரும்ப வராது. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இளஞ்சிவப்பாய் மின்னும் பழங்காசை யாராவது நீட்டினால், அமிலத்தில் குளித்து வந்தது என்று சந்தேகிக்கலாம். எலுமிச்சை, வினிகர், பிராஸோ என்ற உலோக மெருகுத் திரவம் எல்லாம் இதே ரகம்.

உண்மையான போட்டி காய்ச்சி வடித்த நீருக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும்தான்.

தண்ணீர் முறைக்குச் செலவு குறைவு. மூடியுள்ள கண்ணாடிக் குவளை, ஒரு காசுக்கு 200 மி.லி. நீர், பொறுமை. முதல் வாரம் தினமும் நீரை மாற்றுங்கள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மண் இளகும். அடம்பிடிக்கும் காசுக்கு மாதக்கணக்கு. குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் செம்பை அரிக்கும் குளோரைடு இருக்கிறது. இளகிய மண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மூங்கில் பல்குச்சியால், காசு ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள். ஊசி வேண்டாம், ஒரு வழுக்கலில் மன்னர் முகத்தில் கீறல் விழும்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பழைய புகழ் உண்டு. கெட்டியான படிவை அது மெல்ல இளக்குவது உண்மை. ஆனால் அதிலுள்ள கொழுப்பு அமிலம் செம்பையும் கரைக்கிறது. குவளையில் எண்ணெய் பச்சையாக மாறுவது அதனால்தான். அழுக்கு கரைகிறது என்று மகிழ வேண்டாம், காசும் கொஞ்சம் கரைகிறது. நம் வெப்பத்தில் எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்து, நுண்துளைகளில் பிசினாக ஒட்டும். எங்கள் ஓட்டு தண்ணீருக்கே.

அசிட்டோன் இந்தப் போட்டியில் இல்லை, அதன் வேலை வேறு. மண்ணைத் தொடாது, பழைய பிளாஸ்டிக் உறைகள் விட்டுச்சென்ற பச்சைப் பிசுபிசுப்பு, கைரேகை எண்ணெய், பசை ஆகியவற்றை எடுக்கும். சுத்த அசிட்டோனாக வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் குவளையில் பத்து நிமிடம், அடுப்பு அணைத்து, ஜன்னல் திறந்து. துடைக்காமல் உலரவிடுங்கள். தண்ணீரில் ஊறிய காசையும் கடைசியாக இதில் முக்கி எடுத்தால் நுண்துளையில் தங்கிய ஈரம் வெளியேறும்.

பினாங்கில் இந்த உலர்த்தல்தான் முக்கால்வாசி வேலை. ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் ஊரில், செம்பில் ஒளிந்திருக்கும் குளோரைடு ஈரமும் ஆக்சிஜனும் பட்டு அமிலத்தைப் பிறப்பிக்கும், அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்னும். சுரண்டினால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் இந்த நோயின் அடையாளம். உறுதியான கரும்பச்சைக் களிம்பு நோயல்ல, விட்டுவிடுங்கள். புள்ளி கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 28 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் 22 கிராம் சமையல் சோடாவும் கரைத்து, வாரம் ஒருமுறை மாற்றிச் சில வாரம் ஊறவிடுங்கள். படலத்தின் நிறம் சற்று மாறலாம். பிறகு வெறும் நீரில் ஊறவைத்து, அசிட்டோனில் முக்கி, உலர்த்துங்கள்.

சேமிக்க, காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல். அரிசி டப்பாவில் போடாதீர்கள்; அரிசியிலேயே 12 சதவீதத்துக்குக் குறையாத ஈரம் இருக்கும். ஜெல் இளஞ்சிவப்பானதும் மின் அடுப்பில் (oven) 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், அதே டப்பாவுக்குத் திரும்பலாம்.